என் ஹேண்ட்பேக்கில் ஒளிச்சு வச்ச இன்ஹேலர்

இந்த வாரம் விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். ரொம்ப நாளா பேசணும்னு நெனச்சுத் தள்ளிப்போட்ட விஷயம் இது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல. ஆஸ்துமா இருக்கிற வீட்டுல பொறந்து வளர்ந்தவ, அவ்வளவுதான். எனக்கு அது இல்ல. ஆனா பாட்டிக்கு இருந்தது, அப்பாவுக்கு இருக்கு, என் தங்கச்சிக்கு இருக்கு. இன்னைக்குப் பேசப்போறது பெரும்பாலும் தங்கச்சி கதை. ஸ்கிரிப்ட்டை முழுசா அவகிட்ட படிச்சுக் காட்டினேன். "என்னை ரொம்ப பாவம் மாதிரி காட்டாத, மத்தபடி ஓகே"ன்னு சொன்னா. அதுக்கப்புறம்தான் மைக் முன்னாடி உக்காந்திருக்கேன்.

எங்க வீடு பெரம்பூர்ல. ஒரு ஹால், ஒரு ரூம். சின்ன வயசுல நாங்க எல்லாரும் ஹால்லதான் படுப்போம். ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்கு ஒரு சத்தம் வரும். தூரத்துல யாரோ விசிலடிக்கிற மாதிரி. அது பாட்டியோட நெஞ்சுல இருந்து வர்ற சத்தம். பாட்டி எழுந்து ஜன்னல் பக்கம் உக்காந்து, ரெண்டு கையையும் முட்டியில ஊனி, முன்னால குனிஞ்சு மூச்சு விடுவாங்க. விடியற வரைக்கும் அப்படியே இருப்பாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, எங்க வீட்டுல "ஆஸ்துமா"ங்கற வார்த்தையை யாருமே சொன்னதில்ல. பாட்டிக்கு "இழுப்பு". அப்பாவுக்கு "வீசிங்". தங்கச்சிக்கு "அவளுக்கு குளிர்ச்சி ஒத்துக்காது". ஒரே வியாதி, மூணு பேர். பேரை மாத்திட்டா வியாதி சின்னதாயிடும்னு ஒரு நம்பிக்கை.

பாட்டிக்கு ஒரு டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். பாட்டி தொடவே இல்ல. "அது கடைசி மருந்து. ஒரு தடவை புடிச்சா அப்புறம் விடவே முடியாது"ன்னுட்டாங்க. அதுக்குப் பதிலா சின்ன வெள்ளை மாத்திரை. அதைப் போட்டா கொஞ்ச நேரத்துல கை நடுங்கும், டம்ளர்ல காபி தளும்பும், படபடன்னு வருதுன்னு சொல்வாங்க. வயசாயிடுச்சு, அதான் நடுக்கம்னு நாங்க நெனச்சோம். அது மாத்திரையால வந்த நடுக்கம்னு எனக்குப் பல வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சது. அதுக்கு அப்புறம் வர்றேன்.

பெண் பார்க்க வந்த நாள்

தங்கச்சிக்கு வரன் வந்தது. பையன் வீடு அம்பத்தூர். நல்ல குடும்பம், ரெண்டு பேருக்கும் போன்ல பேசிப் பிடிச்சிருந்தது. அவங்க வீட்டுக்கு வர்ற அன்னைக்குக் காலையில, அம்மா தங்கச்சியோட ரெண்டு இன்ஹேலரையும் எடுத்து என் கையில கொடுத்தாங்க. "உன் பையில வச்சுக்கோம்மா. அவங்க போற வரைக்கும் வெளிய எடுக்காத."

நான் ஏன்னு கேக்கல. ஏன்னு எனக்கே தெரியும். வாங்கி ஹேண்ட்பேக்ல போட்டு ஜிப்பை மூடினேன். ஐ.டி. கம்பெனியில வேலை பாக்குறவ, இந்த மாதிரி பாட்காஸ்ட்ல உக்காந்து மூடநம்பிக்கை பத்தியெல்லாம் பேசுறவ, அந்த ஜிப்பை மூடினேன். அம்மாவை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்ல.

ஐப்பசியில கல்யாணம். தங்கச்சி அம்பத்தூர் போனா. கூடவே நீல இன்ஹேலர் போச்சு, கைக்குள்ள அடங்கிடும், மறைச்சுக்கலாம். தினமும் காலையும் ராத்திரியும் எடுக்க வேண்டிய ஆரஞ்சு இன்ஹேலர் போகல. ஏன்னா அதை எடுத்தா வாய் கொப்பளிக்கணும், நாலு பேர் பாப்பாங்க, "என்னம்மா இது?"ன்னு கேப்பாங்க. ஸ்பேஸரும் போகல. ஸ்பேஸர்னா இன்ஹேலரோட மாட்டுற பிளாஸ்டிக் குழாய், தண்ணி பாட்டில் அளவுக்கு இருக்கும், அதை எங்க ஒளிக்கிறது? அது எங்க வீட்டு பீரோ மேலயே இருந்துச்சு.

நிறுத்தின மறுநாள் ஒண்ணும் ஆகல. அடுத்த வாரமும் ஒண்ணும் ஆகல. இந்த மருந்தோட பொறியே அதுதான். ஆரம்பிச்சாலும் முழு பலன் தெரிய நாளாகும், நிறுத்தினாலும் உடனே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா நீல இன்ஹேலர் அடிக்கடி தேவைப்பட்டது. பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு, அந்தச் சத்தத்துல ரெண்டு பஃப் எடுத்துட்டு வருவாளாம்.

போகி

தலைப்பொங்கல். மறுநாள் நாங்க சீர் எடுத்துட்டு அம்பத்தூர் போகணும். போகி அன்னைக்கு விடியற்காலை மெட்ராஸ் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். பனி ஒரு பக்கம், பழைய பாயும் டயரும் எரியற புகை ஒரு பக்கம். அஞ்சேகாலுக்கு என் போன் அடிச்சது. தங்கச்சி. "அக்கா... பை..."ன்னா. அடுத்த வார்த்தை வரல. மூச்சு சத்தம் மட்டும்தான்.

அப்புறம் அவங்க அத்தை போனை வாங்கினாங்க. "என்னன்னு தெரியலம்மா, குளிர் காத்து பட்டிருக்கும். படுக்க வச்சு, தைலம் தேச்சு விட்டிருக்கேன். முன்னாடி உய் உய்னு சத்தம் வந்துச்சு, இப்ப அது குறைஞ்சிடுச்சு. சரியாயிடும்."

சத்தம் குறைஞ்சிடுச்சுன்னு அவங்க ஆறுதலா சொன்னாங்க. ஆனா மூச்சுத் திணறல் அப்படியே இருக்கும்போது விசில் சத்தம் மட்டும் நின்னா, அது நல்ல அறிகுறி இல்ல. விசில் வர்ற அளவுக்குக்கூட காத்து போகலைன்னு அர்த்தம். அந்த நிமிஷம் எனக்கு அது முழுசா தெரியாது. ஆனா பாட்டி படுத்து நான் பார்த்ததே இல்ல. "அத்தை, அவளை எழுப்பி உக்கார வைங்க, ஜன்னலைச் சாத்துங்க, அவ ஹேண்ட்பேக்ல உள் ஜிப்ல நீலமா ஒண்ணு இருக்கும்"னு கத்தினேன். பின்னாடி அவ புருஷன் குரல் கேட்டது: "இது என்னது? இவளுக்கு எதுக்கு இது?" கல்யாணம் ஆகி ரெண்டரை மாசம். அவருக்குத் தெரியாது.

கார்ல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. ஆக்சிஜன், நெபுலைசர், ஊசி. ரெண்டு நாள் உள்ள இருந்தா. பொழைச்சுக்கிட்டா. சீர் பாத்திரமெல்லாம் எங்க வீட்டு ஹால்லயே கிடந்தது.

டாக்டர் கேட்ட ஒரே கேள்வி

ரெண்டாம் நாள் வார்டுல டாக்டர் வந்து அவகிட்ட கேட்ட முதல் கேள்வி: "நீல இன்ஹேலர் எத்தனை காலி பண்ணீங்க?" ஒண்ணு முடிஞ்சு, ரெண்டாவது பாதி. ஒரு இன்ஹேலர்ல 200 பஃப். அப்ப ரெண்டரை மாசத்துல 300, ஒரு நாளைக்கு நாலு. "வருஷத்துக்கு மூணு காலியானாலே எங்களுக்கு அபாய மணி"ன்னார்.

அவர் விளக்கினதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். ஆஸ்துமாவில மூச்சுக்குழாய்க்குள்ள எப்பவுமே ஒரு அழற்சி இருக்கும், அறிகுறி இல்லாத நாள்லயும். புகை, தூசி, சளிக்காய்ச்சல் மாதிரி ஏதாவது ஒண்ணு பட்டா சுத்தி இருக்கிற தசை இறுகும், உள்சுவர் வீங்கும், சளி அடைக்கும். நீல இன்ஹேலர்ல இருக்கிற சால்பியூட்டமால் இறுகின தசையைச் சில நிமிஷத்துல தளர்த்தும். நாலஞ்சு மணி நேரம் தாங்கும். ஆனா உள்ள இருக்கிற அழற்சியை அது தொடாது. அதைத் தணிக்கிறது தினமும் எடுக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலர். நீலத்தை மட்டும் நம்பி இருக்கிறது, வீட்டுல எரியற நெருப்பை விட்டுட்டு புகையை மட்டும் விசிறி விடுற மாதிரி. 2019லிருந்து உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதலே, பெரியவங்களும் வளரிளம் பருவத்தினரும் நீல இன்ஹேலரை மட்டும் வச்சு சமாளிக்கக் கூடாதுன்னு சொல்லுது. இப்ப ரெண்டு வேலையையும் செய்யுற ஒரே இன்ஹேலரும் இருக்கு. எது யாருக்குன்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால மருந்தோட பேரைப் பார்த்து வச்சுக்கோங்க.

அப்பா மெதுவா கேட்டார்: "ஸ்டீராய்டுன்னு சொல்றீங்களே சார், கெடுதல் இல்லையா? பழக்கமாயிடாதா?" டாக்டர் கணக்கு போட்டுக் காட்டினார். சால்பியூட்டமால் மாத்திரை ஒண்ணு 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். இன்ஹேலர்ல ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரை, நாற்பது பஃப்புக்குச் சமம். மாத்திரை ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்க சுத்தி, கை நடுக்கம், படபடப்பு எல்லாம் கொடுத்துட்டு நுரையீரலுக்குப் போகுது. இன்ஹேலர் நேரா போக வேண்டிய இடத்துக்குப் போகுது. ஸ்டீராய்டும் அப்படித்தான், மைக்ரோகிராம் கணக்கு. எடுத்த பிறகு வாய் கொப்பளிச்சுத் துப்பணும், இல்லைன்னா வாயில பூஞ்சை வரலாம். அடிமையாக்குற மருந்து இல்ல.

அப்பா ஒண்ணும் பேசல. வராண்டாவுக்கு வந்து, "அம்மாவுக்கு கை நடுங்குமே"ன்னு மட்டும் சொன்னார். பாட்டியை நெனச்சுக்கிட்டார்.

அப்புறம் நான் தேடிப் படிச்சதுல ஒரு விஷயம் மனசுல நின்னது. 1955ல, அமெரிக்காவில ஜார்ஜ் மேசன்னு ஒரு மருந்து கம்பெனித் தலைவர். அவரோட 13 வயசு மகளுக்கு ஆஸ்துமா. அப்ப மருந்தை ரப்பர் பல்ப் வச்ச கண்ணாடிக் கருவியில அமுக்கி அமுக்கி எடுக்கணும். அந்தப் பொண்ணு அப்பாகிட்ட, "என் மருந்தும் ஹேர் ஸ்பிரே மாதிரி ஒரு டப்பாவுல வரக்கூடாதா?"ன்னு கேட்டுச்சாம். அடுத்த வருஷமே, 1956ல, அந்த மாதிரி முதல் இன்ஹேலர் கடைக்கு வந்தது. ஒரு பொண்ணு வீட்டுல வாய் திறந்து கேட்டதால வந்த பொருள். அதை நான் என் பையில ஒளிச்சு வச்சேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

தங்கச்சி மாமியார் ஆஸ்பத்திரியில என் அம்மாகிட்ட சண்டை போடல. ஒண்ணுதான் கேட்டாங்க: "சம்பந்தி, எங்ககிட்ட சொல்லியிருந்தா நான் அவளைப் படுக்க வச்சிருப்பேனா?" அம்மா கிட்ட பதில் இல்ல. எல்லாம் சினிமா மாதிரி சுமுகமா முடியல. அவ மாமனார் ஒரு மாசம் எங்க வீட்டுல யார்கிட்டயும் பேசல. "மறைச்சுக் கட்டிக் கொடுத்துட்டாங்க"ன்னு ஒரு வார்த்தை வந்தது. அது உண்மைதானே. அவ புருஷனுக்கு வருத்தம் வேற மாதிரி: "பாத்ரூம்ல நின்னு மூச்சு வாங்கிட்டிருந்திருக்கா, நான் வெளிய உக்காந்து டிவி பாத்துட்டிருந்திருக்கேன்."

இப்ப அம்பத்தூர் வீட்டுல ஆரஞ்சு இன்ஹேலர் டூத்பிரஷ் பக்கத்துல இருக்கு. பல் தேய்க்கிறதுக்கு முன்னாடி எடுத்துட்டா வாயும் கொப்பளிச்ச மாதிரி ஆச்சு. ஸ்பேஸர் ஷோகேஸ்ல, கல்யாண போட்டோவுக்குப் பக்கத்துல. வீட்டுல கொசுவர்த்தி நிறுத்தி வலை கட்டிட்டாங்க. சாம்பிராணி வேணும்னா அவ ஆபீஸ் போன பிறகு. தலையணை உறை, போர்வை வாராவாரம் சுடுதண்ணியில. ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு தாள் ஒட்டியிருக்கு, அத்தை கையெழுத்து. அதை அப்படியே உங்களுக்குப் படிக்கிறேன்:

"நேரா உக்கார வைக்கணும். படுக்க வைக்கக் கூடாது. நீலத்தை ஸ்பேஸர்ல மாட்டி ஒரு பஃப், நாலு மூச்சு. இப்படி நாலு பஃப். நாலு நிமிஷம் பாக்கணும். சரியாகலைன்னா மறுபடி நாலு, 108க்கு போன். ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலைன்னா, உதடு நீலமானா, காத்திருக்காம உடனே 108. வண்டி வர்ற வரைக்கும் நாலு நாலா கொடுத்துட்டே இருக்கணும்."

இது அவளுக்காக எழுதின தாள். உங்க வீட்டுல யாருக்காவது இருந்தா, அவங்க டாக்டர்கிட்ட கேட்டு உங்களுக்குன்னு ஒண்ணு எழுதி வாங்குங்க.

அதோட இன்னைக்கு ராத்திரி வீட்டுல நாலு கேள்வி கேளுங்க. போன நாலு வாரத்துல, பகல்ல வாரம் ரெண்டு தடவைக்கு மேல இருமலோ இழுப்போ வந்ததா? ராத்திரி ஒரு தடவையாவது அதனால முழிப்பு வந்ததா? நீல இன்ஹேலர் வாரம் ரெண்டு தடவைக்கு மேல தேவைப்பட்டதா? மாடி ஏற, விளையாட, எதையாவது விட்டுக் கொடுக்க வேண்டி வந்ததா? ஒண்ணுக்கு "ஆமா"ன்னாலும் ஆஸ்துமா கட்டுக்குள்ள இல்ல, டாக்டரைப் பாக்கணும்னு அர்த்தம். எங்க அப்பாகிட்ட கேட்டேன். நாலுக்கும் "ஆமா". இருபது வருஷமா "லேசா வீசிங்"னு சொல்லிட்டிருந்த மனுஷன்.

அவரும் இப்ப தினமும் எடுக்கிறார். போன மாசம் சொந்தக்காரர் ஒருத்தர் வந்திருந்தப்ப ஹால்ல உக்காந்தே எடுத்தார். "என்ன மாமா, வீசிங்கா?"ன்னு அவர் கேட்டார். அப்பா ஸ்பேஸரை வாயில இருந்து எடுத்து, பத்து வரைக்கும் மூச்சை அடக்கி, விட்டுட்டு, சொன்னார்: "ஆஸ்துமா."

எங்க வீட்டு ஹால்ல அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சமையல்கட்டுல இருந்த அம்மா எட்டிப் பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லல. காபி கொண்டு வந்து வச்சாங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.