பிழைப்பவர் 90, இறப்பவர் 10

“100 பேருக்கு இந்த ஆபரேஷன் செய்தால் 90 பேர் பிழைத்துக்கொள்கிறார்கள்” என்கிறார் ஒரு டாக்டர். “100 பேரில் 10 பேர் இறந்துபோகிறார்கள்” என்கிறார் இன்னொருவர். கணக்கு ஒன்றுதான். ஆனால், கேட்கிற மனசு இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை.

அமெரிக்காவில் பார்பரா மெக்நீல், உளவியல் அறிஞர் ஏமோஸ் ட்வெர்ஸ்கி முதலானோர் இதைச் சோதித்து, 1982-இல் முடிவை வெளியிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்தால் ஆபரேஷனா, கதிர்வீச்சா என்பது கேள்வி. கொடுத்த கணக்குப்படி, கதிர்வீச்சின்போது யாரும் இறப்பதில்லை. ஆனால் 5 ஆண்டு கழித்துப் பார்த்தால், ஆபரேஷன் செய்துகொண்டவர்களே அதிகம் பேர் உயிரோடு இருப்பார்கள். பிழைப்பவர் கணக்கைக் கேட்டவர்களில் நிறையப் பேர் ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தார்கள். இறப்பவர் கணக்கைக் கேட்டவர்களில் அந்த எண்ணிக்கை குறைந்துவிட்டது.

படிப்பறிவு இல்லாதவர்கள்தான் இப்படித் தடுமாறுவார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சோதனையில் டாக்டர்களும் இருந்தார்கள். அவர்களும் அதே மாதிரிதான் மாறினார்கள்!

அதனால், சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் முன், “பிழைப்பவர் எத்தனை பேர், இறப்பவர் எத்தனை பேர்? உடனே எப்படி, 5 வருஷம் கழித்து எப்படி?” என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். இரண்டு பக்கமும் தெரிந்த பிறகு முடிவெடுங்கள்.