வாசல்ல நின்ன தத்தன்

2024ல வந்த 'தட்ஸ் நாட் மை நெய்பர்' கேம்ல நீங்கதான் அபார்ட்மெண்ட் வாசல் காவலர். முகம், அடையாள அட்டை, அன்னைக்கு வர வேண்டியவங்க லிஸ்ட் எல்லாத்தையும் ஒப்பிட்டு, ஆள்மாறாட்டக்காரனை வெளியவே நிறுத்தணும்.

இதே வேலையை நம்ம திருக்கோவிலூர்ல பார்த்தவர், மெய்ப்பொருள் நாயனாரோட காவலர் தத்தன். 12ஆம் நூற்றாண்டுல சேக்கிழார் எழுதின பெரியபுராணத்துல வர்ற கதை. போர்ல தோத்துக்கிட்டே இருந்த முத்தநாதன், உடம்பெல்லாம் திருநீறு, சடைமுடி, கையில சுவடிக்கட்டோட வர்றான். கட்டுக்குள்ள கத்தி. மத்த வாசல்கள்ல வேஷத்தைப் பார்த்ததுமே வழி விட்டாங்க. தத்தன் மட்டும், ராஜா தூங்குற நேரம்னு தடுத்தார். ஆகமம் சொல்ல வந்தேன்னு பேசியே அவன் நுழைஞ்சுட்டான்.

கேம்ல தப்பான ஆளை விட்டா ஆபத்துதான். இங்க குத்துப்பட்ட ராஜா, வாளை உருவின தத்தனைத் தடுத்து, அவனைப் பத்திரமா ஊர் தாண்டி விட்டுட்டு வரச் சொன்னார். பொய்னு தெரிஞ்ச பிறகும் அந்த வேஷத்துக்கு மரியாதை.

யாரையும் நம்பாதேன்னு கோட் எழுதுற நமக்கு இது புரியறது கஷ்டம். ஆனா கொதிச்சு நின்ன ஊருக்கு நடுவுல, தன் ராஜாவைக் குத்தினவனுக்கே காவலா நடந்த தத்தனை நினைச்சுப் பாருங்க. அந்த இடத்துல நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?