பிள்ளைகளின் முதுகு

(வெள்ளி விழாப் பெற்றோர் அரங்கில் ஆற்றிய உரை)

 

இக்கழகத்தின் மாலை வகுப்புகளில் படித்து, இன்று மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் பணிபுரியும் சிலரின் சார்பில் இவ்வுரை நிகழ்த்தப்படுகிறது. ஆகவே ‘நாங்கள்’ என்றே பேசுகின்றோம். தேர்வையும் மதிப்பெண்ணையும் மேற்படிப்பையும் பற்றிப் பேசவேண்டிய மேடையில் முதுகுவலியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். உட்கார இயலாத பிள்ளை எவ்வாறு படிக்கும்? அதனாலேயே இப்பொருளைத் தேர்ந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் பயின்ற ஒரு மாணவி, தன் இடுப்புக்கு மேலே வலிக்கின்றது என்று வீட்டில் சொன்னாள். தண்ணீர் எடுக்கச் சோம்பிக்கொண்டு சொல்கிறாள் என்று தாய் நினைத்தார். பள்ளியில் சொன்னாள், தேர்வுக்கு அஞ்சி நடிக்கிறாள் என்று அங்கே முடிவு செய்தனர். மூட்டை சுமக்கும் தொழிலாளியான தந்தையோ, “எனக்கு இருபது வருசமா வலிக்குது, நான் வேலைக்குப் போகாமலா இருக்கேன்?” என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார். ஐந்து மாதம் சென்றது. பெண் மெலிந்தாள். மாலைதோறும் காய்ச்சல் வந்தது. இரவில் வலியால் விழித்துக்கொண்டாள். எங்களிடம் அழைத்து வரப்பட்டபோது அவளால் நிமிர்ந்து நடக்க இயலவில்லை. அவளுக்கு வந்திருந்தது முதுகெலும்புக் காசநோய்.

அப்பெண்ணின் தாயும் தந்தையும் அன்பற்றவர்கள் அல்லர். நெல் மூட்டையும் செங்கல்லும் சாந்துச் சட்டியும் சுமந்து நிமிர்ந்த சமுதாயம் நம்முடையது. வலியைச் சொன்னால் கூலி போய்விடும் என்ற நிலையில், சொல்லாமல் தாங்குவதையே நம் முன்னோர் பழகினர். அப்பழக்கத்தைப் பெருமையாக எண்ணி நம் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுகின்றோம். “முதுகு வலிக்கிறது” என்று ஒரு பிள்ளை சொன்னால் முதற்கண் நம்புங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம். இவ்வுரையில் நாங்கள் வேண்டிக்கொள்வதில் முதன்மையானது இதுவே.

இனி முதுகின் அமைப்பைச் சிறிது காண்போம். பந்தலின் நடுக்கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பம் தானே நிற்பதில்லை; நாற்புறமும் இழுத்துக் கட்டிய கயிறுகளே அதனை நிறுத்துகின்றன. நம் முதுகெலும்பும் அத்தகையதே. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகள், அவற்றின் இடையே மெத்தை போன்ற வட்டுகள், இவற்றை நிறுத்திப் பிடிக்கும் வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும் சேர்ந்ததே முதுகு. இடுப்புப் பகுதியிலுள்ள 5 எலும்புகளே மேலுடல் முழுவதையும் தாங்குகின்றன. ஆதலால் வலியும் அங்கேதான் மிகுதி.

பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 11, 12 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு 13, 14 வயதிலும் வளர்ச்சி திடீரென விரைவுபடுகிறது. சென்ற தீபாவளிக்குத் தைத்த காற்சட்டை பொங்கலுக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். அப்போது எலும்பு முந்தி நீள்கிறது; தசை அதற்கு ஈடுகொடுத்து நீளச் சிறிது காலம் பிடிக்கிறது. தொடையின் பின்புறத் தசைகள் இறுகி இடுப்பைப் பின்னிழுக்கின்றன. காலை நீட்டி உட்கார்ந்து முழங்கால் மடங்காமல் பெருவிரலைத் தொடச் சொல்லுங்கள். நேற்றுவரை தொட்ட பிள்ளை இன்று பாதி வழியில் நின்றுவிடும். இப்பருவத்தில் வரும் முதுகுவலியில் பெரும்பகுதி ஊறு விளைவிக்காதது. சில வாரங்களில் தானே தணிவது.

புத்தகப் பையே எல்லாவற்றிற்கும் காரணம் என்று பலரும் கூறுகின்றனர். உண்மையைச் சொல்லவேண்டுமானால், பைச் சுமை ஒன்றே முதுகுவலியை உண்டாக்குகிறது என்பதற்கு ஆய்வுகளில் வலுவான சான்று கிடைக்கவில்லை. ஆயினும் ஏற்கெனவே வலியுள்ள பிள்ளைக்குச் சுமை தொல்லைதான். பிள்ளைகளின் படிப்புச் சுமையைப் பற்றி யஷ்பால் குழு 1993-இலேயே எழுதியது. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்து, புத்தகங்கள் மூன்றாகப் பகுக்கப்பட்டன. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருத்தலாகாது என்று மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை கூறுகிறது. 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 4 கிலோ. இதில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியே ஒரு கிலோ ஆகிவிடுகிறது. பள்ளிக் குழாயில் நம்பிக் குடிக்கத்தக்க நீர் வருமானால் சுமையில் கால் பங்கு அங்கேயே இறங்கிவிடும். பெற்றோர் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது. நம்மவர் கேட்கத் தயங்குவதும் இதுவே.

நம் பிள்ளைகளின் உண்மையான சுமை பையில் இல்லை என்பது எங்கள் கருத்து. ஒரு குடத்தில் 12 லிட்டர் பிடிக்குமென்றால் அது 12 கிலோவுக்கு மேல். எப்போதும் ஒரே இடுப்பில் வைத்து, நாளுக்கு ஆறேழு நடை தூக்கும் பெண்ணின் உடல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. விடுமுறையில் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் பையன்களையும் நாங்கள் பார்க்கின்றோம். 14 முதல் 18 வயதுள்ளோரை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்துதல் 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி குற்றம். வீட்டு வேலையே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. குடத்தைச் சிறியதாக்குங்கள், நடையைப் பகிர்ந்துகொள்ளுங்கள், அண்ணனும் தம்பியும் தூக்கட்டும். தூக்கும்போது முதுகை வளைத்துக் குனியாமல் முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்து எழட்டும்.

உட்காரும் முறையைப் பற்றியும் ஒரு சொல். எங்கே, எதன்மேல் உட்காருவது என்பது நமக்கு என்றுமே சிறு செய்தியாக இருந்ததில்லை. சாத்தாராவில் பள்ளி மாணவராக இருந்த அண்ணல் அம்பேத்கர், தாம் உட்காரும் கோணித் துண்டை நாள்தோறும் வீட்டிலிருந்து கொண்டுவந்து, மாலையில் தாமே எடுத்துச் செல்ல வேண்டியிருந்ததைத் தமது நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். அவரது கோணியைத் தொடப் பள்ளியைத் துப்புரவு செய்பவரும் மறுத்தார். இன்று பலகையில் நம் பிள்ளைகள் உட்காருகிறார்கள். ஆயினும் எட்டாம் வகுப்புப் பையனுக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்கும் ஒரே உயரப் பலகைதான். கால் தரையில் படியாமல் தொங்கினால் இடுப்பு களைக்கும். காலடியில் ஒரு செங்கல்லையோ பலகைத் துண்டையோ வைத்தால் போதும். தரையில் சம்மணமிட்டுப் படிப்பது தவறன்று. ஒரே நிலையில் மூன்று மணி நேரம் இருப்பதே தவறு. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிமிர்ந்து, நாலடி நடந்துவிட்டு வரட்டும். கைப்பேசியைக் குனிந்து பார்ப்பவர்க்கும் இதுவே விதி.

பெண்பிள்ளைகளின் இடுப்புவலிக்கு வேறிரு காரணங்களும் உண்டு. அவற்றை மேடையில் சொல்ல நாணவேண்டியதில்லை. மாதவிலக்கின்போது வரும் இடுப்புவலி இயல்பானது. வெந்நீர் ஒத்தடமும் மெல்லிய நடையும் உதவும். படுக்கையை விட்டெழ இயலாத அளவுக்கு வந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும். மற்றொன்று, பள்ளிக் கழிவறைக்குச் செல்ல அஞ்சிச் சிறுநீரை அடக்குவது. அதற்காகவே தண்ணீர் குடியாமல் இருக்கும் பெண்களும் உளர். சிறுநீர்த் தொற்று விலாவிலும் முதுகிலும் வலியாக வெளிப்படுவதுண்டு. இதற்கு மருந்து எங்களிடம் உள்ளது. கழிவறை தலைமையாசிரியரிடமும் ஊராட்சியிடமும் உள்ளது.

மனத்தின் சுமையும் முதுகில் ஏறும். கவலையும் தூக்கமின்மையும் உடைய இளைஞரிடம் முதுகுவலி மிகுதியாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. தேர்வச்சமோ, வகுப்பில் எவரேனும் சாதி சொல்லிப் பேசிய சொல்லோ பிள்ளையின் உள்ளே கிடந்து உறுத்துகிறதா என்று கேளுங்கள். அதனால் வலி பொய் என்று ஆகிவிடாது.

வலி வந்தால் என்ன செய்வது? படுக்கவைத்துவிடாதீர்கள். ஓரிரு நாள் ஓய்வு போதும்; அதற்கு மேல் படுத்தால் பந்தற் கயிறுகள் தளரும். நடக்கட்டும், பள்ளிக்குப் போகட்டும். 5 முதல் 17 வயதுள்ளோர் நாள்தோறும் 60 நிமிடமாவது உடலசைவுடன் இருத்தல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. ஓட்டம், சடுகுடு, கயிறாட்டம் எல்லாம் இதில் அடங்கும். பத்தாம் வகுப்பு வந்துவிட்டது என்று விளையாட்டை நிறுத்தும் பெற்றோர், முதுகின் மருந்தையே நிறுத்துகிறார்கள். வேகப்பந்து வீசும் பையனுக்கு முதுகைப் பின்னே வளைக்கும்போது வலித்தால் மட்டும் ஆட்டத்தை நிறுத்திக் காட்டுங்கள். கடைசி இடுப்பெலும்பில் மெல்லிய விரிசல் இருக்கக்கூடும். கால் முன்னாகப் பிறந்தவரைக் கொண்டு முதுகில் உதைக்கச் செய்தால் பிடிப்பு விடும் என்ற நம்பிக்கை சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. பிறந்த வகையால் எவர் காலுக்கும் மருத்துவம் வந்துவிடாது. வளரும் எலும்பை எவரும் மிதிக்கலாகாது.

காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டிய வலியும் உண்டு. இரவில் எழுப்பும் வலி, காய்ச்சலோ எடை குறைதலோ சேர்ந்த வலி, காலில் மரப்போ வலுக்குறைவோ வருதல், சிறுநீர் மலம் அடங்காமை, விழுந்த பின் வந்த வலி, நான்கு வாரமாகியும் தணியாத வலி, காலையில் எழுந்தவுடன் அரை மணிக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, பத்து வயதுக்குட்பட்ட குழந்தையின் முதுகுவலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பொறுத்திருக்க வேண்டாம்.

முதுகெலும்புக் காசநோய் என்றதும் அஞ்சவேண்டியதில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்துகொண்டே மருந்துண்டு நுரையீரல் காசநோயாளிகள் குணமடைய முடியும் என்பதை 1959-இல் உலகுக்கே காட்டியது. பின்னாளில் அதே மையம், முதுகெலும்பில் நோய் கண்டவர்களிலும் பெரும்பாலோர் அறுவையின்றி மருந்தால் தேறுவதை நிறுவியது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சத்துணவுக்கென 2018 முதல் மாதந்தோறும் வழங்கப்பட்டு வந்த 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. கேட்டுப் பெறுங்கள்.

நாங்கள் முன்னே சொன்ன மாணவி ஓராண்டுக்கு மேல் மருந்துண்டாள். முதல் சில மாதங்கள் இடுப்புக் கச்சையோடு நடந்தாள். அவ்வாண்டுத் தேர்வை எழுத முடியவில்லை. மறு ஆண்டு எழுதித் தேறினாள். முதுகில் சிறு கூன் மட்டும் தங்கிவிட்டது. ஐந்து மாதம் முன்னே வந்திருந்தால் அதுவும் இருந்திராது. அவள் தந்தை எங்களிடம் ஒருமுறை வந்து, இருபது ஆண்டுகளாகத் தமக்கிருந்த வலியையும் பார்க்கச் சொன்னார்.

அரங்கின் பின்புறம் ஒரு எடைப்பொறி வைத்துள்ளோம். பிள்ளைகள் தத்தம் பையோடு ஒருமுறையும் பையின்றி ஒருமுறையும் ஏறி நின்று, இரண்டையும் எழுதிக்கொள்ளட்டும். வலியுள்ளவர்கள், பெரியவரோ சிறியவரோ, உணவு இடைவேளையில் எங்களை வந்து காணலாம். மாலை ஐந்து மணி வரை இருப்போம்.