சேர்ந்து போட்ட தோட்டம்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு குழுவின் சார்பில் பேசியது)



கூட்டுக் காய்கறித் தோட்டம் போட்டதில் என்ன பலன்னு பேசச் சொல்லியிருக்காங்க. கிடைச்ச பலனையும் சொல்றோம், நாங்க செஞ்ச தப்பையும் சொல்றோம்.

எங்கள் குழுவில் 12 பேர். அதில் 8 பேருக்குக் குடியிருக்கிற வீட்டைத் தவிர ஒரு சென்ட் நிலம் கிடையாது. கீரைக்கும் காசு, தக்காளிக்கும் காசு. காசு இல்லாத நாளில் ரசமும் ஊறுகாயும்தான். குழுவில் ஒருத்தர், தரிசாகக் கிடந்த தன் 15 சென்ட் நிலத்தைக் கிணற்றோடு குத்தகைக்குக் கொடுத்தார். வேலிக்கும் விதைக்கும் உள்கடன் எடுத்தோம். ஆடிப்பட்டத்தில் கத்தரி, வெண்டை, அவரை, கொத்தவரை போட்டோம். வரப்பு ஓரமாக அகத்தியும் முருங்கையும் வைத்தோம். மீதிப் பாத்தியில் சிறுகீரை தெளித்தோம். 25 நாளில் எல்லார் வீட்டிலும் கீரைக் குழம்பு!

பூச்சிக்குக் கடை மருந்து வாங்கவில்லை. அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வைத்தோம். மறுநாள் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளித்தோம்.

பங்குனி பிறந்ததும் கிணற்றில் தண்ணீர் இறங்கிப் போச்சு. குடம் குடமாக இறைக்க வேண்டியிருந்தது. வேலை கூடியதும் சண்டையும் வந்தது. "காலையில் தண்ணி ஊத்த வராதவங்களுக்குப் பங்கு கிடையாது"ன்னு தீர்மானம் போட்டோம். நியாயம்னுதான் நினைச்சோம்.

ஆனால் பங்கு போனது யாருக்கு? விடியறதுக்கு முன்னாடி கூலி வேலைக்குக் கிளம்புகிற இரண்டு சகோதரிகளுக்கு. இரண்டு பேருக்கும் நிலம் கிடையாது. யாருக்குக் காய் ரொம்பத் தேவையோ, அவங்க அடுப்புக்குத்தான் காய் போகவில்லை. மூணு வாரம் அவங்க கூட்டத்துக்கே வரல. சேமிப்புப் பணத்தை மட்டும் பிள்ளைங்ககிட்ட கொடுத்தனுப்பினாங்க. அந்தப் பணத்தைக் கையில் வாங்கினப்பதான் எங்களுக்கு உறைச்சது.

வீட்டுக்குப் போய்ப் பேசினோம். "சாயங்காலம்னா வர்றோம்னு சொல்லியிருப்போமே, எங்களை யாரு கேட்டீங்க?"ன்னாங்க. எங்களால் பதில் சொல்ல முடியல.

அடுத்த கூட்டத்திலேயே தீர்மானத்தை மாத்தினோம். தண்ணி ஊத்த காலை முறை, மாலை முறை என்று இரண்டு வச்சோம். உடம்பு முடியாதவங்க, பிள்ளை பெத்தவங்க வேலைக்கு வராட்டியும் பங்கு உண்டு. பறிச்சதில் முதலில் 12 வீட்டுக்கும் சமமாகப் பங்கு, மிச்சம்தான் விற்பனை. வித்த காசு குழுக் கணக்கில் வரவு. அதிலிருந்துதான் குத்தகையும் விதைச் செலவும். இப்போ அந்த இரண்டு பேரும்தான் மாலை முறையைப் பார்க்கிறாங்க. சாயங்காலம் ஊத்தின தண்ணி சீக்கிரம் காயாது. செடியைச் சுத்தி சருகு போட்டு ஈரத்தைக் காப்பாத்துறோம்.

சகோதரிகளே, 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. நம்மில் பாதிப் பேர் என்று அர்த்தம். பிள்ளைக்கும் வீட்டுக்காரருக்கும் போட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைத் தின்பதுதானே நம்ம வழக்கம்? கீரையை நாமும் சாப்பிடணும். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நல்லா சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிச்சா அந்தச் சத்து சரியா சேராது. இரத்தம் ரொம்பக் குறைவாக இருந்தால் கீரை மட்டும் போதாது, ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரையும் சாப்பிடணும்.

நிலம் இல்லையேன்னு நினைக்க வேண்டாம். பக்கத்துக் கேரளாவில் 1998ல் தொடங்கிய குடும்பஸ்ரீயில், பெண்கள் சின்னச் சின்னக் குழுவாகச் சேர்ந்து குத்தகை நிலத்தில் பயிர் செய்றாங்க. நம்மாலும் முடியும். ஒன்று மட்டும் மறக்காதீங்க. விதை போடுறதுக்கு முன்னாடி, யாருக்கு எந்த நேரம் தோதுன்னு ஒவ்வொருத்தரையும் கேளுங்க. கூட்டத்தில் வாய் திறக்காதவங்களை முதலில் கேளுங்க.