ஆறுதல் தொடங்கும் இடம்
(கொடைக்கானல் மலைப்பகுதி ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேல்மலையிலிருந்தும் கீழ்மலையிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றியும், அதில் நொந்த மனம் தேறும் விதம் பற்றியும் பேச என்னை அழைத்தார்கள். படித்ததோடு பட்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒன்பது ஆண்டுகள் அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்துதான் நான் பள்ளிக்கு வந்து போனேன்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். அப்படியானால், நம் ஆசிரியர் அறைக்கும் நம் மாணவர் வீடுகளுக்கும் இது அந்நியமாக இருக்க முடியாது.

வன்முறை என்றதும் அடி உதைதான் நினைவுக்கு வரும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல், பாலியல் துன்புறுத்தலோடு, சொல்லாலும் மனத்தாலும் வதைப்பதையும், பணத்தைப் பறித்து வைத்துக்கொள்வதையும் வன்முறை என்றே சொல்கிறது. மாதச் சம்பளம் வாங்கிய என்னிடம் என் ஏடிஎம் அட்டை இருந்ததில்லை. பேருந்துக்குக்கூடக் கேட்டுத்தான் வாங்குவேன். அதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்று அறிந்த நாளில்தான், குறை என்னிடம் இல்லை என்று முதன்முதலாகத் தோன்றியது.

“ஏன் விட்டுவிட்டு வரவில்லை?” என்று பலரும் கேட்பார்கள். அடித்தவரே மறுநாள் அழுது மன்னிப்புக் கேட்பார். சில நாள் அமைதி நிலவும். பிறகு மீண்டும் தொடங்கும். அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979இல் இந்தச் சுழற்சியை விளக்கி எழுதினார். நம் மலையில் இதோடு தொலைவும் சேர்ந்துகொள்கிறது. மன்னவனூரிலோ கிளாவரையிலோ இரவில் வெளியே துரத்தப்படும் பெண் எந்தப் பேருந்தில் ஏறுவாள்? கொடைக்கானலிலிருந்தே திண்டுக்கல் 90 கிலோமீட்டருக்கு மேல். பிறந்த வீடும் “பொறுத்துப் போ” என்றால் அவள் எங்கே போவாள்?

ஆகவே, வெளியேறிய பிறகுதான் மனம் தேறும் என்று காத்திருக்க வேண்டாம். உள்ளே இருக்கும்போதே அது தொடங்கலாம். என்னோடு பணியாற்றிய அக்கா ஒருவர், மதியம் பக்கத்தில் அமர்ந்து, “சொல்லு, கேட்கிறேன்” என்றார். புத்தி சொல்லவில்லை; என் கணவரைத் திட்டவும் இல்லை. நான் சொன்னதை நம்பினார். என் சான்றிதழ்கள், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். பிரியும் நேரத்தில்தான் ஆபத்து கூடும் என்பதால் இந்த ஏற்பாடு மிக முக்கியம்.

வெளியே வந்த பின் எல்லாம் உடனே சரியாகிவிடாது. கதவு படாரென்று சாத்தினால் உடல் நடுங்கும். விட்டு வந்தவரையே மனம் தேடும். அதற்காக வெட்கமும் வரும். இவையெல்லாம் காயம் ஆறும்போது வருபவைதான். ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992இல் வெளியிட்ட நூலில் மூன்று கட்டங்களைச் சொல்கிறார்: முதலில் பாதுகாப்பு, அடுத்து நடந்ததைச் சொல்லி, இழந்ததற்காக அழுவது, பிறகு மனிதரோடும் வாழ்வோடும் மீண்டும் இணைவது. எனக்கு மூன்றாம் கட்டம், என் சம்பளத்தில் நானே தேர்ந்து ஒரு கம்பளி வாங்கிய நாளில் தொடங்கியது.

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. வகுப்பில் திடீரென்று திடுக்கிடும் குழந்தை, பள்ளி விட்டும் வீட்டுக்குப் போகத் தயங்கும் குழந்தை, முதல் பாடவேளையிலேயே தூங்கும் குழந்தை ஆகியோரைக் கவனியுங்கள். எல்லார் முன்னிலும் கேட்காதீர்கள். தனியே, அமைதியாகக் கேளுங்கள். குழந்தைகளுக்கு 1098, பள்ளிக்கல்வித் துறையின் 14417 ஆகிய எண்கள் உள்ளன. பெண்களுக்கு 24 மணி நேரமும் 181 இயங்குகிறது. கொடைக்கானலிலேயே அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. அதற்கான எண் 15100.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர் மட்டுமன்றி, அறிந்தவர் யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தருபவர்மீது வழக்கு எதுவும் வராது என்று அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு உறுதி தருகிறது. ஆனால் அந்தப் பெண்ணைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். இவ்வளவு நாளும் அவளுக்காக வேறொருவரே முடிவெடுத்து வந்தார். நாமும் அதையே செய்யக் கூடாது.

பொறுத்துப் போகச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாம் ஒருவர் நம்பிக் கேட்போம்.