முகத்துக்கு விழும் ஓட்டு



சுவிட்சர்லாந்தில் இரண்டு ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளை ஒரு கணினி விளையாட்டில் உட்கார வைத்தார்கள். டிராய் நகரத்திலிருந்து இதாகா தீவுக்குக் கப்பல் போக வேண்டும். திரையில் இரண்டு முகங்கள் வரும். "உன் கப்பலுக்கு இவர்களில் யாரைத் தலைவராக வைத்துக்கொள்வாய்?" என்பதுதான் கேள்வி. பிள்ளைகளும் தேர்ந்தெடுத்தார்கள். அந்த முகங்கள் பிரான்சில் 2002ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் மோதிக்கொண்ட வேட்பாளர்களுடையவை. ஒருவர் வென்றவர், ஒருவர் தோற்றவர். அவர்கள் யாரென்றே பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனாலும் பத்துக்கு ஏழு தடவை தேர்தலில் வென்றவரின் முகத்தையே காட்டினார்கள். பெரியவர்களின் தேர்வும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. 2009இல் 'சயின்ஸ்' இதழில் இது வெளிவந்தது.

ஓட்டுப் போடும் வயதுக்கு வந்தவரும் ஐந்து வயதுப் பிள்ளையும் தலைவரை ஒரே மாதிரி எடைபோடுகிறார்கள் என்றால், அது நாம் கவலைப்பட வேண்டிய விஷயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முகம் ஜெயித்த கதை என்றால் எல்லோரும் சொல்வது அமெரிக்காவில் 1960 செப்டம்பர் 26 இரவு நடந்ததைத்தான். சிகாகோ நகரத்தில் ஒரு தொலைக்காட்சி நிலையம். அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட கென்னடியும் நிக்சனும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். சுமார் 7 கோடிப் பேர் பார்த்தார்கள். நிக்சன் அதற்கு முந்தைய மாதம்தான் முழங்காலில் அடிபட்டு, அது சீழ்பிடித்து, மருத்துவமனையில் கிடந்து எழுந்தவர். உடம்பு இளைத்துச் சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று நின்றது. நிலையத்து வாசலில் காரை விட்டு இறங்கும்போது அதே காலை மறுபடியும் இடித்துக்கொண்டார். ஒப்பனைக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தாடிக் கருமையை மறைக்கக் கடையில் வாங்கிய பவுடரைப் பூசிக்கொண்டார். விளக்குச் சூட்டில் முகவாயில் வேர்வை அரும்பியது. போட்டிருந்த வெளிர் சாம்பல் நிறக் கோட்டு பின்னால் இருந்த சுவரோடு கலந்து போனது. கென்னடியோ வெயிலில் நிறமேறிய முகம், கருநிறக் கோட்டு, கேமராவை நேராகப் பார்க்கும் பார்வை. நவம்பரில் பதிவான 6 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளில் கென்னடிக்குக் கூடுதலாகக் கிடைத்தது 1 லட்சத்துச் சொச்சம்தான்.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குக் கென்னடி ஜெயித்ததாகத் தெரிந்ததாம், வானொலியில் கேட்டவர்களுக்கு நிக்சன் ஜெயித்ததாகப் பட்டதாம். வானொலியில் பேசுகிற எனக்கு இதைச் சொல்லிப் பெருமைப்பட ஆசைதான். ஆனால் ஆதாரம் பலமாக இல்லை. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் கருத்துக் கணிப்பில் வானொலி கேட்டவர்கள் சில நூறு பேர்தான். அவர்கள் முன்பே யார் பக்கம் சாய்ந்திருந்தார்கள் என்பதற்கும் கணக்கில்லை. குரலும் ஒரு தோற்றம்தானே. கனத்த குரல்காரர் விஷயம் தெரிந்தவராகத்தான் காதில் விழுகிறார்.

அன்றைய தேர்தலில் சரிபார்த்திருக்க வேண்டியவை வேறு. ஏவுகணை பலத்தில் சோவியத் நாடு அமெரிக்காவை முந்துகிறது என்று கென்னடி ஊர் ஊராகப் பேசினார். அவர் பதவியேற்று மூன்று வாரத்துக்குள் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாராவே, அப்படியொரு பின்னடைவு இல்லை என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். உளவுச் செயற்கைக்கோள் படங்கள் வந்ததும் உண்மை நிலை நேர்மாறானது என்று உறுதியானது. திரையில் திடகாத்திரமாகத் தெரிந்த கென்னடிக்கு அடிசன் நோய் இருந்தது, மருந்தில்தான் காலம் தள்ளினார். அவருடைய ஆட்கள் அதை மறைத்தார்கள். இந்த இரண்டையும் எந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

தோற்ற நிக்சன் பாடம் படித்தார், தப்பான பாடத்தை. 1968இல் மறுபடியும் நின்றபோது விவாதத்துக்கே வரவில்லை. ரோஜர் எய்ல்ஸ் என்ற இளம் தொலைக்காட்சித் தயாரிப்பாளரை வைத்துக்கொண்டார். கேள்வி கேட்பவர்களையும் கைதட்டுபவர்களையும் நிக்சன் தரப்பே பொறுக்கி எடுத்துத் தொலைக்காட்சி அரங்கில் உட்கார வைத்தது. பத்திரிகையாளர்களுக்கு அரங்குக்குள் இடமில்லை. நிக்சன் ஜெயித்தார். அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று நாடு தெரிந்துகொண்டது வாட்டர்கேட் ஊழல் விசாரணையில், அவரே பதிவு செய்து வைத்த ஒலிநாடாக்களிலிருந்து. 1974 ஆகஸ்டில் பதவியை விட்டுப் போனார்.

நம் ஊர் கட்அவுட்டையும் பிளெக்ஸ் பேனரையும் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அதிகம் பேர் கண்ணில் படாத ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். உச்ச நீதிமன்றம் 2002இலும் 2003இலும் தந்த தீர்ப்புகளால் வந்தது அது. வேட்புமனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தை வேட்பாளர் கொடுத்தே ஆக வேண்டும். நிலுவையில் உள்ள வழக்குகள், எந்தெந்தச் சட்டப் பிரிவுகளில் என்பது உட்பட. மனைவி அல்லது கணவர் பெயரில் உள்ள நிலம், நகை, கடன். படிப்பு, தொழில். அரசு வீட்டில் இருந்தவர் என்றால் வாடகை, மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் பாக்கி உண்டா என்பது வரைக்கும். பொய் எழுதினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு.

பதவியில் இருப்பவர் மறுபடி நிற்கிறார் என்றால், போன தடவை கொடுத்த பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துச் சொத்துக் கணக்கை ஒப்பிடுங்கள். சட்டமன்றத்தில் உங்கள் ஊர்ப் பிரச்சினைக்காக எத்தனை தடவை எழுந்து பேசினார் என்று ஓட்டுக் கேட்டு வரும்போது அவரிடமே கேளுங்கள். பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும். இணைய வசதி இல்லாதவர்கள், தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்துக்குப் போனால் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள், அங்கே நின்றே படிக்கலாம்.