பத்து வினாடி ஈ.சி.ஜி. போதுமா?



பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் ஒருவருக்கு ஐம்பது வயது. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. திடீரென்று வாய் கோணி, வலது கை விழுந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். கழுத்து ரத்தக் குழாயில் அடைப்பு இல்லை. ஈ.சி.ஜி. நார்மல். காரணம் தெரியாத பக்கவாதம் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். அடைப்பால் வரும் பக்கவாதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இந்தக் கணக்கில்தான் சேர்கிறது. வீட்டிலும் நேரம் சரியில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள். இதயத்தை நன்றாகத் தேடிப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் தாறுமாறாக நடுங்கும் கோளாறுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இடது மேலறையை ஒட்டி ஒரு சிறு பை இருக்கிறது. அறை நடுங்கும்போது அந்தப் பைக்குள் ரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி ஒருநாள் கழன்று மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். பக்கவாத அபாயம் இதனால் சுமார் 5 மடங்கு கூடுகிறது. சிலருக்கு இந்த நடுக்கம் எப்போதாவது வந்துபோகும், படபடப்புகூடத் தெரியாது. சாதாரண ஈ.சி.ஜி. பதிவு செய்வதோ சுமார் 10 வினாடிதான். ஒரு பீஸைப் பார்த்துவிட்டு மொத்த லாட்டையும் பாஸ் பண்ணுகிற செக்கிங் எந்தக் கம்பெனியிலாவது உண்டா?

அதனால்தான் ஹோல்ட்டர் கருவியை உடம்பில் மாட்டி ஒரு நாளோ, அதற்கு மேலுமோ துடிப்பைப் பதிவு செய்கிறார்கள். அதிலும் சிக்காவிட்டால் நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவியை வைத்துப் பல மாதம் கவனிக்கலாம். காரணம் பிடிபடாத 441 பேரை வைத்து நடந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஓராண்டில், கருவி வைத்தவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு இந்தக் கோளாறு தெரிந்தது. வழக்கமான முறையில் பார்த்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான்.

எக்கோ ஸ்கேன் வேறு காரணங்களைக் காட்டும். மாரடைப்புக்குப் பின் இதயத்துக்குள் தங்கிய கட்டி, சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிப்போன வால்வு இரண்டும் நம் ஊர்களில் கவனிக்க வேண்டியவை. வயது குறைந்தவர் என்றால், மேலறைகளுக்கு நடுவே பிறவியிலிருந்து மூடாத துளை இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கை ரத்தக் குழாயில் உப்புநீரைக் குமிழியாக ஏற்றி, அது வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் தாண்டுகிறதா என்று எக்கோவில் கவனிப்பார்கள். இந்தத் துளை நான்கில் ஒருவருக்கு இருக்கும். பெரும்பாலோருக்கு அதனால் தொந்தரவே இல்லை. துளை இருப்பதாலேயே காரணம் அதுதான் என்று முடிவு கட்டிவிட முடியாது.

இவ்வளவு தேடல் எதற்கு, எல்லாருக்கும் ரத்தம் உறையாமல் இருக்க வீரியமான மாத்திரையைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். காரணம் தெரியாத பக்கவாதம் வந்த 7,000 பேருக்கு மேல் ஓர் ஆய்வில் சேர்த்து, பாதிப் பேருக்கு அந்த மாத்திரையும் பாதிப் பேருக்கு ஆஸ்பிரினும் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது: ஆஸ்பிரினைவிடப் பலன் கூடவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியானவர்களுக்கோ பெரும்பாலும் அதே வகை மாத்திரைதான் அடுத்த பக்கவாதத்தைத் தடுக்கிறது.

வாய் கோணினாலோ, கை கால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பிழைத்து வீடு வந்தபின், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துப்போய், "எத்தனை நாள் துடிப்பைப் பதிவு பண்ணிப் பார்த்தீங்க, டாக்டர்?" என்று கேளுங்கள்.